இரண்டே முக்கால் அங்குலம்: டூயலியின் பின் ஆக்ஸிலைக் குறுக்கிய கதை

வண்டியை வாங்கப் போனபோதே இடப்பக்கப் பின் ஃபெண்டரின் (டயரை மூடும் மட்கார்டின்) உதட்டில் பிறை நிலா மாதிரி ஒரு தேய்ப்பு இருந்தது. விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விலையைக் குறைத்திருப்பார், நான் இன்னும் சீக்கிரம் வாங்கியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

1998ஆம் வருடத்து செவர்லே சி3500. நான்கு கதவு, 7.4 லிட்டர் எஞ்சின், பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். இந்த மாதிரி இரட்டைச் சக்கர பிக்கப்பை அமெரிக்காவில் டூயலி என்பார்கள். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 1973லேயே தொழிற்சாலையிலிருந்து இதை விற்க ஆரம்பித்துவிட்டது. சுமை இழுக்கப் பிறந்த வண்டி. ஆனால் நான் இருக்கும் ஹூஸ்டன் பக்கம் இதைத் தரையோடு தரையாக இறக்கி, லாரிச் சக்கரம் மாட்டி, பளபளவென்று துடைத்து ஓட்டுவது ஒரு தனிப் பித்து. எனக்கு அந்தப் பித்து பிடித்து நாலு வருடம் ஆகிறது.

எனக்கு முந்தைய உரிமையாளர் பாதி வேலையை முடித்திருந்தார். பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஆக்ஸிலைப் பிடிக்க நான்கு கம்பி இணைப்பும், வண்டியைத் தாங்கி ஏற்றி இறக்க ஏர் பேக் என்னும் காற்றுப் பையும் போட்டு, சேஸியை ஆக்ஸிலுக்கு மேலே வளைத்து வெட்டி உயர்த்தியிருந்தார். அந்த வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். அதோடு நிறுத்தாமல் 22.5 அங்குல லாரி ரிம்மும் 255/70ஆர்22.5 டயரும் வாங்கி, எட்டு ஸ்டட் ஹப்பில் (சக்கரம் மாட்டும் குடத்தில்) பத்து ஓட்டை ரிம் உட்காருவதற்கு அடாப்டர் தட்டும் மாட்டிவிட்டார். கோளாறு அங்கேதான் ஆரம்பம். ஏர் பேக்கின் காற்றை இறக்கினால் ஃபெண்டர் டயரின் தலையில் உட்காரும். அதனால் முழுதாக இறக்கவே முடியாத 'இறக்கிய வண்டி' ஒன்று எனக்குச் சொந்தமானது.

ஏன் இடிக்கிறது என்று முதலில் புரியவேண்டும். டூயலியில் பக்கத்துக்கு இரண்டு ரிம்கள் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும். உள் ரிம்மின் தட்டு வெளியே பார்க்கும், வெளி ரிம்மின் தட்டு உள்ளே பார்க்கும். இரண்டும் ஒட்டும் இடம்தான் ஹப்பின் முகம். அந்த முகத்திலிருந்து டயரின் நடுக்கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ரிம் தீர்மானிக்கிறது. கம்பெனி கொடுத்த ஆறு அங்குல அகல ரிம்மில் அது ஐந்தே கால் அங்குலம் போல. லாரி ரிம்மில் ஆறரைக்கும் மேலே. டயரும் ஒன்றேகால் அங்குலம் அகலம் கூடியது. கணக்குப் போட்டால் வெளி டயரின் வெளிவிளிம்பு இரண்டு அங்குலம் வெளியே போகிறது. அடாப்டர் தட்டின் தடிமன் ஒன்றரை. ஆக மூன்றரை. பழைய டயர் ஃபெண்டர் உதட்டுக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே நின்றது. புதிய டயர் இரண்டு அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மர்மம் ஒன்றும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

ஃபெண்டரை அகலப்படுத்தலாமே என்று ஒருவர் சொன்னார். இந்த வண்டியின் பின் ஃபெண்டர்கள் ஃபைபர், தனியாகப் போல்ட் போட்டு மாட்டியவை, அகலப்படுத்துவது சுலபம்தான். ஆனால் வண்டி ஏற்கெனவே அகலம். அமெரிக்காவில் 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான வண்டிக்குக் கூரை மேலும் ஃபெண்டர் மேலும் எல்லை விளக்குகள் கட்டாயம். டூயலியின் நெற்றியில் ஐந்து சின்ன ஆரஞ்சு விளக்குகள் இருப்பது அழகுக்கு அல்ல. அதற்கு மேலும் அகலமாக்கி, வண்டியில் இருந்தபடியே பணம் எடுக்கும் வங்கி ஏடிஎம் சந்தில் மாட்டிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. சரி, ஆக்ஸிலையே குறுக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எவ்வளவு குறுக்குவது? இந்த வேலையில் கஷ்டம் இதுதான். வெட்டுவதும் ஒட்டுவதும் அப்புறம்.

ஒரு பக்கத்து ஹப் முகத்திலிருந்து மறுபக்கத்து முகம் வரை என் டேப்பில் 72 அங்குலம். வேலைக்குத் துணை வந்த என் மனைவியின் தம்பி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

"மச்சான், பக்கத்துக்கு நாலு அங்குலம் தூக்கிடலாம். நல்லா உள்ளே போய் உட்காரும்."

"உள்ளே போகும் மாப்ள. உள் டயர் எங்கே போகும்?"

அவன் குனிந்து பார்த்தான். உள் டயருக்கும் சேஸிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பலரும் அளப்பதே இல்லை. எல்லாருடைய கண்ணும் வெளி டயரிலும் ஃபெண்டர் உதட்டிலும்தான். பட்டைகள் இருந்திருந்தால் இந்த வேலையே நடக்காது, உள் டயர் நேராகப் பட்டையில் போய் முட்டும். ஏர் பேக் வந்ததால்தான் இடமே கிடைத்தது.

மூன்று நிலைகளில் அளந்தோம். ஓடும் உயரம், காற்றை முழுதாக இறக்கிய நிலை, அப்புறம் ஒரு பக்கம் ஜாக்கியில் ஏறி மறுபக்கம் தொங்கும் நிலை. மூன்றாவது நிலைதான் கண்ணைத் திறந்தது. ஆக்ஸில் சாயும்போது ஏறிய பக்கத்து டயரின் தலை சேஸியை நோக்கிச் சாய்கிறது. நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரிந்த இடைவெளி, சாய்வில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்தது. அதோடு, சுமை ஏறினால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும். நிறுத்திய வண்டியில் அளந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

ஃபெண்டர் உதட்டுக்கு உள்ளே முக்கால் அங்குலம் கிடைக்கவேண்டும் என்றால் பக்கத்துக்கு இரண்டே முக்கால் வெட்டவேண்டும். அப்படி வெட்டினால் உள் டயருக்கும் சேஸிக்கும் நடுவில் நேர்நிலையில் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கூட, சாய்வில் ஒன்றரை. நாலு அங்குலம் வெட்டியிருந்தால் சாய்வில் விரல்கூட நுழையாது. மச்சினன் மூன்றுக்கு இறங்கி வந்தான். நான் ஏறவில்லை. கூடுதலாக வெட்டிய குழாயை யாரும் திருப்பி நீட்டித் தரமாட்டார்கள். மொத்தம் ஐந்தரை அங்குலம், 72 இனி 66.5.

ஆக்ஸில் ஜிஎம்மின் 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டர். பின் மூடியில் 14 போல்ட், அதனால் அந்தப் பெயர். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் பத்தரை அங்குலம். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் மூக்கு நுனியிலும் ஒரு பேரிங் தாங்குவதால் சுமையில் பினியன் விலகாது. முரட்டு ஆக்ஸில், ஆனால் யானை கனம். ஃபுல் ஃப்ளோட்டர் என்றால் என்னவென்று நம்மூர் லாரிப் பட்டறையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாமக்கல்லில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், லோடு ஏற்றிய லாரியைச் சாலை ஓரத்தில் நிறுத்தி, ஜாக்கிகூடப் போடாமல், ஆக்ஸில் தண்டை ஹப்பிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வண்டி அசையாமல் நிற்கும். கனத்தைத் தாங்குவது ஹவுசிங்கும், அதன் நுனியில் இருக்கும் ஸ்பிண்டிலும், அதன்மேல் உட்கார்ந்த இரண்டு டேப்பர் பேரிங்குகளும்தான். தண்டின் வேலை சுழற்றுவது மட்டும்.

குறுக்குகிறவருக்கு இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, தண்டு வளைவுச் சுமையைச் சுமக்காது, அதனால் புதுத் தண்டு செய்வது சுலபம். கெட்டது, மொத்தக் கனமும் நான் வெட்டி ஒட்டப்போகும் அந்தக் குழாயில் இருக்கிறது.

கழற்றுவது இரண்டு சனிக்கிழமை. தண்டு, ஹப், டிரம், பிரேக் தட்டு, மூடி, டிஃபரன்ஷியல் என்று ஒவ்வொன்றாக. 13 அங்குல டிரம் ஹப்போடு சேர்ந்துதான் வரும், முதுகு பத்திரம். பேரிங் மூடிகளை இடம் வலம் மாற்றக்கூடாது என்பதால் பஞ்ச் அடித்து அடையாளம் வைத்தோம். பக்கவாட்டுத் திருகு வளையங்கள் எத்தனை சுற்று உள்ளே இருந்தன என்பதையும் எழுதி வைத்தேன், திரும்பப் பூட்டும்போது கிரவுன் பினியன் பற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி பழைய அளவுக்கே வந்துவிடும். இந்த வருட வண்டியில் பின் சக்கர வேக சென்சார் கியர் பாக்ஸில் இருக்கிறது, ஆக்ஸிலில் ஒயர் எதுவும் இல்லை. ஒரு தலைவலி குறைவு.

எங்கே வெட்டுவது என்பதில் இரண்டு வழிகள். ஸ்பிண்டிலையே அறுத்து எடுத்து, லேத்தில் கடைந்து, குறுக்கிய குழாயின் முனையில் செருகி ஒட்டுவது ஒன்று. ஸ்பிண்டிலைத் தொடாமல், பிரேக் தட்டு பிடிக்கும் ஃபிளாஞ்சுக்கு (விளிம்பு வளையத்துக்கு) உள்பக்கமாகக் குழாயில் ஒரு வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்ப்பது இன்னொன்று. நான் இரண்டாவது. ஸ்பிண்டில் வேறு எஃகு, குழாய் சாதா எஃகு. ஒரே ரகத்தை ஒரே ரகத்தோடு ஒட்டினால் தூக்கம் வரும். நடுவில் இருக்கும் வார்ப்பிரும்புப் பகுதியின் பக்கம் போகவே கூடாது. ஏர் பேக் தாங்கிக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவில் ஏழு அங்குலம் வெறும் குழாய் இருந்தது, போதும்.

வெட்டுவதற்கு முன் ஒரு ஆங்கிளைக் குழாயின் மேல் படுக்க வைத்து, ஃபிளாஞ்சிலிருந்து நடு வரை நீளவாக்கில் ஒரு கோடு கீறினேன். இந்தக் கோடு இல்லாமல் வெட்டினால் ஒட்டும்போது ஃபிளாஞ்ச் சில டிகிரி சுழன்று உட்காரும், பிரேக் சிலிண்டர் ஒரு பக்கம் பத்து மணிக்கும் மறுபக்கம் பதினொரு மணிக்கும் நிற்கும். குழாயின் சுவர் அரை அங்குலம். பேண்ட் ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் இருபது நிமிடம் முனகியது.

அடுத்து நேர்க்கம்பி. ஒன்றரை அங்குல விட்டத்தில் அரைத்து எடுத்த ஏழடிக் கம்பி. டிஃபரன்ஷியல் பேரிங் உட்காரும் இடத்தில் இரண்டு வட்டு, ஸ்பிண்டில் நுனிகளில் இரண்டு வட்டு. நான்கையும் துளைத்துக்கொண்டு கம்பி விரலால் தள்ளினால் வழுக்கவேண்டும். அதுதான் ஆக்ஸில் நேராக இருப்பதற்குச் சாட்சி. டேப்பு பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், கம்பி சொல்லாது.

இதற்கு நடுவில் ஒரு கர்வக் கதை. குழாய்க்குள் இறுக்கமாகப் போகும் ஆறு அங்குல நீள உள் குழாய் இரண்டை நானே லேத்தில் கடைந்து வைத்திருந்தேன். இணைப்புக்கு உள்ளிருந்து ஒரு தாங்கல், பலத்துக்குப் பலம், நேருக்கு நேர். வெல்டிங்குக்கு வந்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர், டெக்ஸாஸ் எண்ணெய்க் குழாய்களில் காலமெல்லாம் வெல்டு அடித்து ஓய்வு பெற்றவர். என் உள் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா கடைஞ்சிருக்கே. எதுக்கு இது?"

"பலத்துக்கு."

"அடி வெல்டு உள்ளே வரைக்கும் போகத் தெரியாதவனுக்குத்தான் பின்தாங்கல். எனக்கு எதுக்கு? உள் குழாய் முடியற இடத்தில ஒரு இடுக்கு இருக்கும். விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும்."

எனக்கு வாதாட ஆசை. ஆனால் அன்று ராத்திரி வேறொன்று உறைத்தது. இந்த ஆக்ஸிலில் ஹப் பேரிங்குக்குக் கிரீஸ் அல்ல, டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆயிலே குழாய் வழியாக வழிந்து போய்த்தான் நனைக்கிறது. என் உள் குழாய் அந்த வாய்க்காலில் ஒரு அணை. சுவர் கால் அங்குலத்துக்கும் குறைவுதான், ஆனால் படுக்கையாக ஓடும் மெல்லிய ஆயிலுக்கு அதுவே மேட்டூர். பலம் கூட்டுகிறேன் என்று பேரிங்கைக் காயவைத்திருப்பேன். அந்த இரண்டு உள் குழாய்களில் ஒன்று இப்போது மகளின் மேசையில் பேனா ஸ்டாண்டு. இன்னொன்றைக் காணோம்.

முனைகளை V போலச் சாய்த்துத் தேய்த்து, எட்டில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, கம்பியை உள்ளே வைத்தே நான்கு இடத்தில் டேக், அதாவது தற்காலிகப் புள்ளி வெல்டு, அடித்தோம். கேஸ் டார்ச்சால் குழாயைச் சூடேற்றி, பெரியவர் அடி வெல்டை 6010 வெல்டிங் குச்சியிலும் நிரப்பு வெல்டை 7018லும் போட்டார். 7018 குச்சி ஈரம் பிடிக்கக்கூடாது என்று சொந்தச் சூட்டுப்பெட்டியோடு வந்திருந்தார். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகாமல் மேலே ஒரு கால் வட்டம், கீழே ஒரு கால் வட்டம், முன்னே, பின்னே என்று எதிரெதிரே. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் நான் கம்பியைத் தள்ளிப் பார்ப்பேன்.

வலப்பக்கம் கடைசிவரை வழுக்கியது. இடப்பக்கம் மூன்றாவது சுற்றில் கம்பி பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு பிழை நடந்திருந்தது, அதில் பாதி என் பங்கு. ஆக்ஸிலைத் திருப்பிப் பிடிக்கவேண்டியவன் நான். போனை எடுக்கப் போய்த் திருப்ப மறந்தேன். பெரியவர் முன்பக்கத்தில் தொடர்ந்து இரண்டு கால் வட்டம் போட்டுவிட்டார். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கம் இழுக்கும். ஸ்பிண்டில் நுனி முன்னால் ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. கேட்க அற்பம். ஆனால் ஒட்டிலிருந்து நுனி வரை ஓரடிதான், டயரோ மூன்றடிக்கும் மேல். அங்கே போகும்போது அது நாலரை மில்லிமீட்டர். இரண்டு டயரும் உள்நோக்கித் திரும்பி, ஓடும் ஒவ்வொரு மைலிலும் ரப்பரைச் சாலையில் அரைக்கும்.

சரிசெய்வதும் அதே சூட்டினால்தான். நீண்டு நிற்கும் பக்கம், அதாவது பின்பக்கம், ஒரு காசு அளவு இடத்தை டார்ச்சால் மங்கிய சிவப்பு வரை சூடாக்கி ஆறவிட்டார். சூடான இடம் விரியப் பார்க்கும், சுற்றி இருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. ஆறும்போது முன்பைவிடச் சுருங்கும், நுனி பின்னால் வரும். ஒரு புள்ளி, ஆறவிட்டு அளவு, இன்னொரு புள்ளி, மறுபடி அளவு. நான்காவது புள்ளியில் கம்பி தானாக வழுக்கி மறுபக்கம் எட்டிப்பார்த்தது. மச்சினன் கைதட்டினான். பெரியவர் என் போனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தண்டுகள். பழைய தண்டை வெட்டி மறுபடி பல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய தண்டு, பல்லுக்கு உள்ளே விட்டமும் குறைகிறது, நான் துணியவில்லை. அளவு கொடுத்தால் புதிதாகச் செய்து தரும் பெரிய பெயர்கள் இரண்டு. மோசர் இந்தியானாவின் போர்ட்லேண்டில், டச்மேன் ஓரிகானின் போர்ட்லேண்டில். ஆக்ஸில் செய்கிறவர்களுக்கு போர்ட்லேண்ட் என்ற பெயரில் என்ன ராசியோ. 30 பல், பழைய தண்டைவிட இரண்டே முக்கால் அங்குலம் குட்டை என்று எழுதி ஆர்டர் போட்டேன்.

வெட்டுவதற்கு முன்பே ஆர்டர் போட்டதுதான் என் பெரிய தப்பு. காத்திருக்கும் நாட்களை மிச்சம் பிடிக்கலாம் என்ற பேராசை. காகிதத்தில் இரண்டே முக்கால், ஆனால் வெல்டு இடைவெளியை இழுத்து மூடியதில் வலப்பக்கம் உண்மையில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகக் குறுகியிருந்தது. அதாவது தண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். மகளின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டை எடுத்துத் தண்டின் நுனியில் ஒட்டி, உள்ளே செருகி, ஹப்பில் போல்ட் போட்டு இறுக்கி, மறுபடி உருவிப் பார்த்தேன். டிஃபரன்ஷியலின் நடுக் குறுக்குத் தண்டு களிமண்ணை ஒரு மில்லிமீட்டருக்கு நசுக்கியிருந்தது. முட்டவில்லை, ஆனால் முட்டுவதற்கு மூச்சு விடும் தூரம். நுனியில் மூன்று மில்லிமீட்டரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்து எடுத்து, ஓரத்தை மழுக்கினேன். இடப்பக்கம் தொடத் தேவைப்படவில்லை. நீங்கள் செய்வதானால் முதலில் ஹவுசிங்கை ஒட்டி முடியுங்கள், ஆறட்டும், பக்கம் பக்கமாக அளந்து அதற்கப்புறம் தண்டு சொல்லுங்கள்.

பூட்டுவது விறுவிறுவென்று போனது. புது சீல், புது பேரிங். ஹப் நட்டை 50 அடி-பவுண்டுக்கு ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மறுபடி கையால் இறுக்கி, பூட்டு உட்காரும் காடி வரை பின்னால் விட்டேன். பிரேக் பைப்பை வளைத்துப் புதிதாகப் போட்டோம். கைப்பிரேக் கேபிள் இப்போது நீளமாகத் தொங்கியது, அதற்கு ஒரு கொக்கி. 80டபிள்யூ-90 ஆயில் ஊற்றிய பின் முக்கியமான ஒரு வேலை: ஒரு பக்கத்தை ஜாக்கியில் நன்றாக உயர்த்திப் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் மறுபக்கம். ஆயில் வழிந்து இரண்டு ஹப்பையும் நிரப்பவேண்டும். பிறகு சமதளத்தில் அளவு பார்த்து மறுபடி ஊற்றினேன், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் உள்ளே போனது. அதைச் செய்யாமல் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் பாதி ஆயிலில் ஓடியிருக்கும்.

முதல் தடவை காற்றை முழுதாக இறக்கியபோது ஒரு சத்தமும் இல்லை. ஃபெண்டர் டயருக்கு வெளியே திரைச்சீலை மாதிரி இறங்கி நின்றது. மச்சினன் வண்டியைச் சுற்றி நாலு தடவை நடந்தான். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஓட்டத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சக்கரங்கள் உள்ளே வந்ததால் வளைவில் முன்பைவிடச் சாய்கிறது. பயப்படும் அளவு இல்லை, ஆனால் உடம்புக்குத் தெரிகிறது. டயரும் 29 அங்குலத்திலிருந்து 36 அரைக்கு உயர்ந்ததால் 4.10 விகித ஆக்ஸில் கியர் இப்போது 3.28 மாதிரி இழுக்கிறது, ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டுகிறது. கிரவுன் பினியன் மாற்றுவது அடுத்த வருடப் பட்ஜெட்.

ஹூஸ்டன் பக்கத்து கேட்டியிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் சீலி ஊர் வரை போய்த் திரும்பினோம். கிளம்பும் முன் ஃபெண்டர் உதட்டின் உள்பக்கத்திலும் சேஸியின் ஓரத்திலும் சாக்பீஸால் தடிமனாகப் பூசியிருந்தேன். திரும்பி வந்து ஹப்புகளைத் தொட்டால் இரண்டும் ஒரே இளஞ்சூடு. ஃபெண்டரில் நான்கு இடத்திலும் சாக்பீஸ் அப்படியே இருந்தது. டார்ச்சோடு கீழே படுத்து சேஸியைப் பார்த்தேன். இடப்பக்கம் சுத்தம். வலப்பக்கம், வளைத்து உயர்த்திய இடத்தின் ஓரத்தில், சுண்டுவிரல் நீளத்துக்குச் சாக்பீஸ் அழிந்திருந்தது.

டயர் அல்ல. ஏர் பேக்குக்குப் போகும் காற்றுக் குழாய் தொங்கி உரசியிருக்கிறது. ஒரு கிளிப் போட்டுவிட்டு மறுபடி சாக்பீஸ் பூசி வைத்திருக்கிறேன்.